அபியை அங்கே எப்படிக் கூப்பிடுவார்கள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
14 செப்டெம்பர் 1997

அன்புள்ள அக்கா,

இங்கே மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். முதுகு நோ எப்படி?

உங்கள் மகன் அபி வந்து சேர்ந்ததைப் போனில் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. சாப்பிடுகிறான். குளிக்கிறான். ஸ்கூல் பஸ் வந்தால் ஏறுகிறான். மேலே அவனுக்கென்று ஓர் அறை. கதவை மூடுவதில்லை, திறப்பதும் இல்லை. பாதியில் நிற்கிறது.

பேச்சுத்தான் இல்லை. இங்கிலிஷ் போதாது, அது சரி. தமிழ் தெரியுமே. "அபிராம்" என்று கூப்பிட்டால் வந்து நிற்பான். நின்று என்னைப் பார்ப்பான். ஸ்கூலில் ஏப் என்று சுருக்கிவிட்டார்கள். இவர் "ஹே பட்டி" என்று, கூட்டாளி என்கிற மாதிரி, அமெரிக்கப் பாணியில் தோளில் தட்டுகிறார். நான் தம்பி என்று பார்த்தேன். செல்லமாகக் குஞ்சு என்றும் பார்த்தேன். ஒன்றுக்கும் முகத்தில் அசைவு இல்லை. இவர் சொல்கிறார்: "பெடியனுக்கு இன்னும் பிளேன் இறங்கேல்லை. விடும்."

எங்களுக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. அதனால் கேட்கிறேன். பலெர்மோவில் அவனை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவார்கள்? பள்ளிக்கூடத்தில், கடையில், நீங்கள் வேலை செய்யும் வீட்டில். அந்த இத்தாலியச் சொற்களை எழுதி அனுப்புங்கள். பழகிய சத்தம் காதில் விழுந்தால் திரும்பிப் பார்ப்பான்.

அன்புடன்
ராணி


பலெர்மோ
5 ஒக்டோபர் 1997

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

உன் கடிதம் கண்டேன். நான் சுகம். முதுகு அப்படியே. உன் அவர் பேரின்பநாதனையும் சுகம் கேட்டதாகச் சொல்.

சொற்கள் கேட்டாய்.

கையில் தூக்கும் வயதில் பிம்போ. அபியை யாரும் அப்படிச் சொன்னதில்லை, நாங்கள் இங்கே வரும்போது அவனுக்கு ஆறு வயது. நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவின், சிஞ்ஞோராவின், பேரனைச் சொல்வார்கள், அதனால் தெரியும். அபியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட அன்று ஆசிரியை வாசலில் நின்று பம்பீனோ என்றாள். எந்தக் குழந்தையையும் அப்படித்தான். பத்துப் பதினொரு வயதில் ரகட்ஸீனோ. குழந்தையும் இல்லை, பெடியனும் இல்லை. நடுவில் வைக்கும் சொல். பிறகு ரகாட்ஸோ. பழக்கடைக்காரர் மட்டும் பகிடிக்கு ஜொவனோத்தோ என்பார், வளர்ந்த ஆம்பிளை என்கிற மாதிரி. அப்போது இவன் நெஞ்சை நிமிர்த்துவான். தெருவில் கூட்டாளிகளுக்குள் பிச்சொத்தோ. அது இந்தத் தீவின் பேச்சு. புத்தகத்தில் இராது.

ரகாட்ஸோவைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது ஒரு வயதில் தொடங்கி ஒரு வயதில் முடிந்துவிடும். வேலை கிடைக்கும், கல்யாணம் நடக்கும், சிஞ்ஞோர் ஆகிவிடுவார்கள், ஐயா என்கிற மாதிரி. எங்களுக்கு முடிவதில்லை. திருமூர்த்தி அண்ணருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே ஒரு டாக்டர் வீட்டில் தரை துடைக்கிறார். போன் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எடுத்து, "அப்பா இல்லை, ரகாட்ஸோதான் நிற்கிறான்" என்கிறார்கள். என்னை ரகாட்ஸா என்கிறார்கள். பெட்டை. கெட்ட எண்ணத்தில் இல்லை, அன்பாகத்தான். நானும் ஓம் சிஞ்ஞோரா என்று போகிறேன்.

போன வருடம் சிஞ்ஞோரா அபியை ஏற இறங்கப் பார்த்தார். "என் தம்பி வீட்டுக்கும் ஒரு ரகாட்ஸோ தேவை, இவன் இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் எடுத்தேன்.

ஊரில் பெடியள் என்றால் இயக்கக்காரர் என்று உனக்குத் தெரியும். அத்தான் ஷெல்லில் போன பிறகு, அந்தச் சொல்லுக்குள் இவன் போகாமல் கொண்டுவந்தேன். இந்தச் சொல்லுக்குள்ளும் போகாமல் உன்னிடம் அனுப்பினேன். வேறு காரணம் இல்லை.

அவனுக்கு முட்டை வெள்ளை பிடிக்காது. வற்புறுத்தாதே.

அன்புடன்
அக்கா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
23 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அபிக்குக் கோட் வாங்கினோம். கை கொஞ்சம் நீளம், வளர்வான்தானே.

உங்கள் சொற்களை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "பிம்போவை மட்டும் வெளியிலை சொல்லிப்போடாதையும்" என்றார். இங்கே அது மூளையில்லாத பெட்டையைச் சொல்லும் சொல்லாம்.

சாப்பாட்டு நேரம், "ரகாட்ஸோ, சாப்பிட வா" என்று கூப்பிட்டேன். மேசைக்கு வந்து உட்கார்ந்து சிரித்தான். வந்த பிறகு முதல் சிரிப்பு.

"சித்தி, வீட்டிலை அப்பிடிக் கூப்பிடுறேல்லை."

"ஏனடா? கொம்மாதானே எழுதினவா."

"அது ஒராளைப் பற்றிச் சொல்லுறது. பேர் தெரியாத ஆளைக் கூப்பிடலாம். நீங்கள் சொன்னா ஃபன்னி."

"அப்ப எப்பிடி?"

"கனபேர் இருந்தா ரகாட்ஸி எண்டலாம். லைக், யூ கைஸ். பெட்டையளும் அதுக்குள்ளை. வயசு போன ஆக்களும்."

"இங்கை நீயும் சித்தப்பாவும். ரெண்டு பேர் காணுமோ?"

யோசித்தான். "காணும்."

இப்போது கீழே நின்று ரகாட்ஸி என்று கத்துகிறேன். ஒருவர் மேலிருந்து, ஒருவர் டிவியிலிருந்து, வந்து உட்காருகிறார்கள்.

ரூட் 18 பக்கம் ஓர் இத்தாலிய பேக்கரி இருக்கிறது. சொந்தக்காரர் சால், உங்கள் தீவுக்காரர். அபி சனிக்கிழமைகளில் அங்கே போய்விடுகிறான். கேக் பெட்டி மடிக்கிறான், மா மூட்டை இறக்குகிறான். அந்த மனுஷன் இவனைப் பிச்சொத்தோ என்றுதான் கூப்பிடுகிறார். நான் வேண்டாம் என்றேன். ஆனால் அங்கிருந்து வரும்போது கார் முழுக்கப் பேசுகிறான். அதனால் விட்டிருக்கிறேன்.

அன்புடன்
ராணி


பலெர்மோ
11 ஜனவரி 1998

அன்புத் தங்கச்சி,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள்.

மா மூட்டை தூக்க அவனை அனுப்பவில்லை. பேசுகிறான் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் வாசித்தேன். என்ன செய்யச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்குச் சரியாகத் தோன்றுவதைச் செய்.

சிஞ்ஞோராவின் பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். மகள் வேலைக்குப் போவதால் அவனைப் பார்ப்பதும் நான்தான். நாள் முழுக்க அவனைத் தெஸோரோ என்கிறேன். செல்வம் என்று அர்த்தம். விழுந்தால் தெஸோரோ, துப்பினால் தெஸோரோ. அந்த வீட்டில் எல்லாரும் அப்படிச் சொல்வதால் நானும் சொல்லிப் பழகினேன்.

அபியை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதை வேலைச் சொல் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஏப்ரனோடு கழற்றி வைத்துவிடுவேன்.

கோட் கை நீளம் என்றால் உள்ளே மடித்துத் தை. வெட்டாதே.

அன்புடன்
அக்கா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
22 பெப்ரவரி 1998

அன்புள்ள அக்கா,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் முதுகுக்கு ஒரு களிம்பு அனுப்பினேன், கிடைத்ததா?

இதைப் போனில் சொல்ல முடியாது. அபி பக்கத்திலேயே நிற்பான்.

லோயரிடம் போனோம். அபி விசிட்டர் விசாவில் வந்தவன். நாளைக்கு கொலிஜ், வேலை, ஒன்றுக்கும் வழியில்லை. ஒரேயொரு வழி இருக்கிறதாம். நானும் இவரும் சிட்டிசன். அவனுக்குப் பதினாறு முடிவதற்கு முன் நாங்கள் சுவீகாரம் எடுத்தால், கொஞ்சக் காலத்தில் கிரீன் கார்டு கிடைக்கும். பதினாறு ஆனால் அந்தக் கதவு பூட்டிவிடும். அவனுக்கு ஒக்டோபரில் பதினாறு.

அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

வெறும் பேப்பர்தான் அக்கா. எங்கள் ஆட்களுக்குச் சித்தியும் அம்மாதானே. இவங்களுக்குத்தான் அது வேறு சாதி உறவு, ஆன்ட்டி. இவர்களுடைய பேப்பரில் ஒன்று எழுதினால் எங்கள் உறவு மாறிவிடுமா? அவன் உங்கள் பிள்ளை. அதை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது.

லோயர் இன்னும் சில விஷயம் சொன்னார். அதைப் போனில் சொல்கிறேன்.

அன்புடன்
ராணி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
19 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்கா,

சுகமா? என் முந்திய கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறீர்கள். அபியோடு பேசுகிறீர்கள். நான் போனை வாங்குவதற்குள் உங்கள் போன் கார்டு முடிந்துவிடுகிறது.

இத்துடன் லோயர் தந்த சம்மதப் பத்திரம். நீங்கள் வாசிக்க வசதியாக இத்தாலியில் மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார்கள். அங்கே பத்திரங்களுக்குச் சாட்சி சொல்லும் நொத்தாரிசு ஒருவர் முன்னால் கையெழுத்து வைத்தால் போதும்.

அபி இங்கிலிஷ் வகுப்பில் ஒரு படி ஏறிவிட்டான். ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள், அபியோடு போனேன். பக்கத்துக் கதிரையில் இருந்த குஜராத்திப் பெண் கேட்டாள், "யுவர் சன்? ஸோ டோல்." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாங்க்யூ என்றேன். இதை எழுதாமலும் விட்டிருக்கலாம்.

ஏதாவது ஒரு வரி எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்
ராணி


பலெர்மோ
7 ஜூன் 1998

அன்புத் தங்கச்சி,

எனக்கு ஒன்றுமில்லை, சுகம். களிம்பு வந்தது. பூசுகிறேன். மணம் அதிகம், சிஞ்ஞோரா ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்.

இங்கே நல்ல வெயில். கடற்கரைக்கு ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள்.

நீ அனுப்பிய பத்திரத்தை வாசித்தேன். அபியின் பெயர் மேலே ஒரு தடவை வருகிறது. பிறகு எல்லா இடமும் இல் மினோரே. வயது வராதவன் என்று அர்த்தம். நான் உனக்கு எழுதிய சொற்களில் இது இல்லை. இத்தனை வருடத்தில் இதை யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஜன்னலிலிருந்து இந்தச் சொல்லைக் கத்தினால் தெருவில் ஒரு பிள்ளையும் திரும்பாது. எழுதுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

அவன் போனில் இப்போது 'ஓகே' என்று தொடங்குகிறான். முன்பு இங்கத்தைய ஆட்கள் மாதிரி 'அல்லோரா', 'அப்ப', என்று தொடங்குவான்.

அன்புடன்
அக்கா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
5 ஜூலை 1998

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்புகிறேன்.

கையெழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேரம் போகிறது அக்கா. கோர்ட்டில் திகதி எடுக்கவே கனநாள் செல்லும். ஒக்டோபருக்குப் பிறகு நீங்கள் சம்மதித்தும் பயனில்லை. அவனைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

அபியிடம் கேட்டேன். பேக்கரியிலிருந்து கூட்டிவரும் வழியில், சிக்னலில்.

"அபி, உனக்கு விருப்பமோ?"

"அம்மா என்ன சொன்னவா?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நானும் ஒண்டும் சொல்லேல்லை."

பச்சை விழுந்தது. கொஞ்சத் தூரம் போன பிறகு அவனே கேட்டான். "இட்ஸ் ஜஸ்ட் பேப்பர், ரைட்?"

"ஓம்."

"அப்ப ஏன் எல்லாரும் இப்பிடி முகத்தை வைச்சிருக்கிறியள்?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவன் சீட்டைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். மீசை அரும்பியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாது, போட்டோவில் விழவில்லை.

அன்புடன்
ராணி


பலெர்மோ
16 ஓகஸ்ட் 1998

அன்புத் தங்கச்சி,

சுகம். உங்கள் எல்லாருக்கும் சுகம் உண்டாகட்டும்.

கையெழுத்து வைத்துவிட்டேன். பத்திரம் இதற்குள் இருக்கிறது.

நொத்தாரிசு கந்தோரில் ஒரு பெண் முழுவதையும் சத்தமாக வாசித்தாள். அப்படி வாசிக்க வேண்டுமாம், சட்டம். ஒவ்வொரு பந்தி முடியவும் நிறுத்தி, "விளங்கியதா சிஞ்ஞோரா?" என்று கேட்டாள். இந்த ஊரில் ஒரு கந்தோரில் என்னைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஓம் என்றேன். அடுத்த பந்தி. ஓம் என்றேன்.

பெப்ரவரியில், லோயர் சொன்ன மற்றதைப் போனில் சொல்கிறேன் என்று எழுதினாய். சொல்லவில்லை. திருமூர்த்தி அண்ணரின் தம்பி டெக்சாஸில் இருக்கிறார். அவர் வீட்டிலும் இப்படி ஒரு சுவீகாரம். அப்படிப் போன பிள்ளை, பிறகு சிட்டிசன் ஆனாலும், பெற்றவளை அங்கே கூப்பிட முடியாது. எப்போதும் முடியாது. இங்கே எல்லாரும் எனக்குச் சொல்வது, பெடியன் வளர்ந்து உம்மைக் கூப்பிடுவான் என்று. நானும் அப்படித்தான் நினைத்து அனுப்பினேன்.

ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் கையெழுத்தைப் பற்றி எழுதவில்லை.

உன்னோடு கோபம் இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். வரவில்லை. பிறகு கந்தோருக்குப் போனேன்.

இதெல்லாம் அவனுக்குத் தெரிய வேண்டாம். வெறும் பேப்பர் என்றே சொல்.

அன்புடன்
அக்கா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
8 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். ஓகஸ்டில் நீங்கள் எழுதியதற்குப் பதில் பல தடவை எழுதிக் கிழித்தேன்.

கோர்ட் முடிந்தது. பிறந்தநாளுக்கு முன்பே முடிந்தது. ஜட்ஜ் ஒரு கிழவர். "யங் மேன், இது உன் விருப்பமா?" என்று கேட்டார். அபி, "யெஸ் சேர்" என்றான். அவனுக்கு இவரின் டை கட்டியிருந்தேன். வெளியே வந்ததும் கழற்றிப் பொக்கெட்டில் வைத்துவிட்டான். சாப்பிட எங்கே போகலாம் என்று இவர் கேட்டார். பசிக்கவில்லை என்றான்.

புதிய பிறப்புச் சான்றிதழ் வரும். அதில் தாய் என்ற இடத்தில் என் பெயர்.

கிரீன் கார்டு இன்டர்வியூவில் கேள்வி கேட்பார்களாம். அதனால் இப்போதே பழக வேண்டும் என்று லோயர் சொல்லியிருக்கிறார். வெளி ஆட்கள் முன்னால் என்னை மாம் என்கிறான். வீட்டுக்குள் சித்தி. ஒருநாளும் மாறிப் போவதில்லை. கதவைத் திறக்கும்போதே அவனுக்குத் தெரிகிறது.

அக்கா, நீங்கள் ஒருதரம் வந்து அவனைப் பாருங்கள். விசிட்டர் விசாவுக்கு அழைப்புக் கடிதம் வைத்திருக்கிறேன். தங்கையைப் பார்க்க வருவதாகச் சொல்லுங்கள். பிள்ளை அமெரிக்காவில் என்றால், திரும்பிப் போகமாட்டீர்கள் என்று மறுத்துவிடுவார்கள். சட்டப்படி உள்ளதையே சொன்னால் போதும் என்கிறார் லோயர்.

இன்னொன்று. நீங்கள் வந்தால், வெளியில் அவன் உங்களைப் பெரியம்மா என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்
ராணி

அம்மா நான் சுகம். நீங்கள் வாங்கோ. இங்கை ஸ்நோ வரும். — அபி


பலெர்மோ
21 பெப்ரவரி 1999

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

நான் சுகம். அவனுடைய வரியைக் கண்டேன். எழுத்து இன்னும் கோணல்தான்.

விசாவுக்கு நேப்பிள்ஸ் போய் வந்தேன். திருமூர்த்தி அண்ணர் துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அமெரிக்கக் கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் பெண். நல்ல இத்தாலி பேசினாள். பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அமெரிக்காவில் யார்?"

"தங்கச்சி. அவளின் கணவர். அவர்களின் மகன்."

"உங்களுக்குக் கணவர்?"

"இறந்துவிட்டார்."

"ஃபீல்யி?"

பிள்ளைகள் உண்டா என்று கேட்கிறாள். வழியெல்லாம் இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"இல்லை."

"ஒன்றும் இல்லையா?"

"ஒன்றும் இல்லை."

எழுதினாள். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி, ஒரு மாதிரி இரக்கமாக, "சிஞ்ஞோரா, நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றாள். விசா தந்துவிட்டார்கள். இவ்வளவு சுலபம் என்று நான் நினைக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பாண் துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். பசித்தது.

சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டேன். ஈஸ்டருக்குப் பிறகு போகச் சொல்கிறார். தங்கையைப் பார்க்கவா என்று கேட்டார். ஓம் என்றேன். இப்போது எல்லாரிடமும் அப்படியே சொல்கிறேன். நாக்கு பழகிவிட்டது. அவனுக்கும் பழகியிருக்கும்.

டிக்கெட் எடுத்ததும் திகதியை எழுதுகிறேன். நீயும் பேரின்பநாதனும் வந்தால் போதும். ஏர்போர்ட்டுக்கு அபியைக் கூட்டி வராதே. அது வெளி இடம். நான் வீட்டுக்கு வருகிறேன். முன்கதவைச் சாத்திவிட்டு, அதற்குப் பிறகு அவனை மேலிருந்து கூப்பிடு.

அன்புடன்
அக்கா